படகின் அவுட்போர்டு மோட்டாரில் தண்ணீர் பீச்சுவது மெலிந்துவிட்டது, நானே கழற்றலாமா?

அலையோடி:
15 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கொஞ்சம் பழைய மோட்டார். போன வாரம் வரை பின்பக்கத் துளையிலிருந்து, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் நன்றாகப் பீச்சி அடித்துக்கொண்டிருந்தது. இப்போது வேகம் கூட்டினால் நூல் மாதிரி வருகிறது, ஐட்லிங்கில் விட்டால் சொட்டுச் சொட்டாகி நின்றே போகிறது. நேற்று பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு நிறுத்தி, கவரைத் திறந்து சிலிண்டர் ஹெட்டில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சொய்ங் என்று ஆவியாகிவிட்டது. இம்பெல்லர் (தண்ணீரை மேலே ஏற்றுகிற ரப்பர் சக்கரம்) போயிருக்கும், நீயே மாற்றிக்கொள் என்கிறார்கள். பைக் எஞ்சின் கழற்றிப் பூட்டிய பழக்கம் உண்டு, இதைத் தொட்டதில்லை. எதில் ஆபத்து, எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், மாற்றியதும் ஸ்டாண்டில் வைத்தே ஒரு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சுக்கான்:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. அந்த இம்பெல்லர் ரப்பர், உலோகக் கிண்ணத்துக்குள் உரசிக்கொண்டே சுற்றுவது, அதற்கு வழவழப்பே தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே புது இம்பெல்லரும் கருகிப்போகும். ஒரு பெரிய ட்ரம்மில், புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கிற கேவிட்டேஷன் தகட்டுக்கு நன்றாக மேலே தண்ணீர் நிற்கும்படி நிரப்பி அதில் இறக்கி ஓட்டுங்கள். காதுமூடி மாதிரி இருக்குமே, குழாய் மாட்டுகிற அந்த மஃப், அதுவும் சரிதான், ஆனால் தண்ணீரைத் திறந்த பிறகே ஸ்டார்ட், எஞ்சினை நிறுத்திய பிறகே தண்ணீரை மூடணும், மஃபில் இருக்கும்போது வேகம் கூட்டவே வேண்டாம். எப்படிச் செய்தாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். கொட்டகைக்குள் ஓட்டினால் அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

கழற்றுவதற்கு முன்னால் அந்தத் துளையில் தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்போ மணலோ அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் மெலிந்து வரும். ஆனால் ஹெட் அவ்வளவு சுடுகிறது என்கிறீர்கள், அதனால் வெறும் துளை அடைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. சரியாகும் வரை அதை ஓட்டாதீர்கள், பிஸ்டன் பிடித்துக்கொண்டால் செலவு வேற மாதிரி ஆகிவிடும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, பைக் பழக்கம் இருக்கிறது என்பதால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். பைக்கில் சங்கிலி, சக்கரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், இதில் புரொப்பல்லரும் எஞ்சின் உச்சியில் சுற்றுகிற பிளைவீலும் ஆளுக்கு ஒரு கோடியில் இருக்கும், மேலே ஒருத்தன் எதையாவது அசைத்தால் கீழே இருப்பவன் கைக்கு ஆபத்து. எஞ்சினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள். ரெண்டு ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றி ஒதுக்கிவை, பிளக்கையே கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரி ஸ்டார்ட் என்றால் நெகட்டிவ் வயரை எடு. பெட்ரோல் ஹோஸையும் பிடுங்கிவிட்டு டேங்கைத் தள்ளிக் கொண்டுபோய் வை, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும், எட்டத்தில் இருக்கிற பொறிகூடப் போதும்.

என் கதை ஒன்று. ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துபோய், கவரைக் கழற்றிவிட்டு பிளைவீலில் அவசரக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற பூட்டு அந்த ஸ்டார்ட்டரோடுதான் இருந்தது, அதைக் கழற்றிய பிறகு ஏது பூட்டு? கியர் முன்னால் கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஒரே இழுப்பில் பிடித்தது, படகு பாய்ந்தது, நான் மல்லாந்து விழுந்து தலை குறுக்குப் பலகையில் மோதியது. தண்ணீரில் விழுந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த நீளக் கயிறும் சட்டைக் கையைப் பிளைவீலோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும், அது தனிக் கதை.

மணல்திட்டு:
பத்திரம் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் வேலையைச் சொல்கிறேன். லோயர் யூனிட்டை, அதாவது புரொப்பல்லர் இருக்கிற கீழ்ப்பாகத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் உப்பு ஏறியிருக்கும், முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், அவசரப்பட்டு நீளக் குழாய் போட்டுத் திருகினால் தலை முறிந்து அலுமினியத்துக்குள் மாட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அதே வேலைதான். சில மாடல்களில் ஒரு போல்ட் புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற சின்னத் துடுப்புத் தகடு, டிரிம் டேப், அதற்கு உள்ளே ஒளிந்திருக்கும், எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காமல் அங்கே தேடுங்கள். கியர் கம்பியின் இணைப்பையும் விடுவிக்கணும், எந்த கியரில் வைத்துக் கழற்றணும் என்பது மாடலுக்கு மாடல் வேறு, மேனுவல் பார்க்காமல் செய்யாதீர்கள். கடைசி போல்ட்டை எடுக்கும்போது கீழே ஒரு கை தாங்கட்டும்.

புது இம்பெல்லரின் இதழ்களில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றாகத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்குங்கள், இதழெல்லாம் ஒரே பக்கம் மடங்கி உட்காரும். எதிர்ப்பக்கம் திருப்பக் கூடாது. இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கிற சின்ன உலோகத் துண்டு, அந்தக் கீ வழுக்கி விழுந்தது தெரியாமல் மூடினால் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லர் சும்மா இருக்கும். பூட்டும்போது ஷாஃப்டின் பல்லுக்குப் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ், உச்சியில் தடவினால் அது உள்ளே அடைபட்டு முழுசாக ஏறவிடாது. ரெண்டு பாகத்துக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் போல்ட்டை இறுக்கி மூடப் பார்க்காதீர்கள், பல் சேரவில்லை என்று அர்த்தம், லேசாகத் திருப்பிச் சேருங்கள்.

அலையோடி:
எல்லோருக்கும் நன்றி. துளையில் நரம்பு தடையில்லாமல் போனது, அதனால் இன்று கழற்றினேன். ஆறு இதழில் ரெண்டைக் காணவில்லை, மூன்றாவது தொங்கிக்கொண்டிருக்கிறது. புது இம்பெல்லர் மாட்டிவிட்டேன். கையோடு கையாக கியர் ஆயிலையும் மாற்றலாம் என்று கீழ் ஸ்க்ரூவைத் திறந்தால் பால் விட்ட காபி மாதிரி வருகிறது. இது சாதாரணமா?

சுக்கான்:
ட்ரம்மில் இறக்காதீர்கள், காணாமல் போன அந்த ரெண்டு இதழும் எங்கே? அவை கரைந்து போகாது, தண்ணீரோடு மேலே போய் எங்கேயோ மாட்டியிருக்கும். செம்புக் குழாயில் பாருங்கள், தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு) மூடியைத் திறந்து பாருங்கள். அதை விட்டுவிட்டு ஓட்டினால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது.

பால் நிறம் என்றால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள், முக்கால்வாசி நேரம் தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை அறுத்திருக்கும். நட்டைத் திருகும்போது பிளேடுக்கும் கேவிட்டேஷன் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள், கையால் பிளேடைப் பிடிக்க வேண்டாம். பூட்டும்போது நட்டு கழலாமல் பிடிக்கிற காட்டர் பின் புதுசு போடுங்கள். ஆயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்றணும், மேல் துளையில் வழிந்ததும் முதலில் மேல் ஸ்க்ரூ, அப்புறம் கீழே. ரெண்டுக்கும் புது வாஷர்.

அலையோடி:
ஒரு இதழ் குழாயின் அடியிலேயே கிடந்தது. இன்னொன்று தெர்மோஸ்டாட்டில், உப்போடு சேர்ந்து கல் மாதிரி. தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டேன், கொதித்தும் திறக்கவில்லை, அதனால் அதையும் மாற்றினேன். கீ சரியாக இருக்கிறதா என்று சந்தேகத்தில் ஒரு தடவை மறுபடி கழற்றிப் பார்த்தேன், இருந்தது, சிரிக்காதீர்கள். ட்ரம்மில் இறக்கி இழுத்ததும் ஐட்லிங்கிலேயே ட்ரம் விளிம்பைத் தாண்டி அடிக்கிறது, கால் மணி நேரம் ஓட்டியும் ஹெட்டில் விட்ட சொட்டு அப்படியே நின்றது.

புரொப்பல்லருக்குப் பின்னால் பச்சை நரம்பு, விரல் கனத்துக்குச் சுற்றியிருந்தது. சீல் வரும் வரை மோட்டார் ஸ்டாண்டில்தான்.