ஈஸ்ட் ஹாமில் வீடு பிடிக்கும் முன் பள்ளியைப் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து லண்டன் வந்திருக்கும் தங்கைக்கு, பாம்பன் அக்காவின் பதில் இது.

அரசுப் பள்ளியில் மகனைச் சேர்க்கத் தயங்குகிறீர்கள். நகையை அடகு வைத்தாவது பிள்ளையை மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடும் ஊர் நம்முடையது, தயக்கம் புரிகிறது. ஆனால் இங்கிலாந்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளிகளில்தான். வேலை விசாவில் வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் இடம் உண்டு, கட்டணம் கிடையாது.

இங்கே இடம் வாங்கித் தருவது முகவரி. இடத்துக்குப் போட்டி வந்தால் பெரும்பாலான பள்ளிகள் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்கின்றன. அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, எந்தெந்த வகுப்பில் இடம் காலி என்று ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியின் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) கேளுங்கள். ரிசப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), ஒன்று, இரண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. விரும்பிய பள்ளி நிறைந்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, கொடுக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக் காத்திருக்காதீர்கள். வகுப்பு வயதைப் பொறுத்தது. ஊரில் எதை முடித்தான் என்று பார்ப்பதில்லை.

'ஈஸ்ட் ஹாமில் நம்மவர் அதிகம், பிள்ளைக்கு ஆங்கிலம் வராது' என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூஹாமில் ஆசிய வம்சாவளியினர் நூற்றுக்கு 42 பேர். அவர்களிலும் வங்காளி, குஜராத்தி, உருது, தமிழ் என்று வீட்டுக்கு ஒரு மொழி; விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்குப் பொதுவாக இருப்பது ஆங்கிலம்தான். ஆங்கிலமே தெரியாமல் வரும் குழந்தையை அங்குள்ள ஆசிரியர்கள் புதிதாகப் பார்ப்பதில்லை, உங்கள் மகனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் எத்தனை விழுக்காடு, இலவச உணவுக்குத் தகுதி பெற்றவர்கள் எத்தனை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு இணையதளத்தில் கணக்கு இருக்கிறது. பாருங்கள், ஆனால் அதை வைத்துப் பள்ளியை ஒதுக்காதீர்கள். நேரில் போய், முதல் பருவத்தில் மகனுக்கு யார் துணையிருப்பார் என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் சேர்த்துவிடலாம்.

கத்தோலிக்க அரசுப் பள்ளிகளும் அப்பகுதியில் உண்டு. போட்டி வந்தால் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவார்கள். தனிப் படிவமும் கேட்பார்கள். மகனின் திருமுழுக்குச் சான்றிதழ் ஊரில் இருந்தால், பங்குத்தந்தையிடம் வாங்கி இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள்.