ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே லேபிள் ஒத்துவருமா?

வணக்கம் நண்பர்களே. சின்ன அளவில் முகக் கிரீம் பிராண்டு நடத்துகிறோம், தயாரிப்பு வேறொரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்துக்கு. வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று விதிகளைப் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது.

பெரிய தலைவலி வாசனைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு 26 அலர்ஜி வாசனைப் பொருள்களை லேபிளில் தனியாகக் காட்டினால் போதும். 2023 திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது, புதிதாகச் சந்தைக்கு வருபவற்றுக்கு 2026 ஜூலை 31 கெடு. பூசி அப்படியே விடும் கிரீமில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் போட வேண்டும், ஆனால் சப்ளையரோ கலவை ரகசியம் என்கிறார் (எல்லாருமே இப்படித்தானா?). முழுக் கலவை வேண்டாம், அலர்ஜிப் பொருள்களின் அளவை மட்டும் எழுத்தில் கொடுங்கள் என்று வாங்கியவர்கள் உண்டா?

அப்புறம் அமெரிக்கா. 2022 சட்டப்படி கடுமையான பாதிப்பு பற்றிப் புகார் வந்தால், லேபிளில் பெயர் உள்ள நிறுவனம் 15 வேலை நாளுக்குள் எஃப்டிஏவுக்கு (அங்கத்திய உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) சொல்லியாக வேண்டும். இதற்குத் தேவையான பேட்ச் விவரத்தைத் தொழிற்சாலை உடனே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்? அந்த ஒரு பத்தியை மட்டும் காட்டினாலும் பெரிய உதவி. ஏஜென்ட் விளம்பரம் வேண்டாம், சொந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.