புதுப்பிப்பு: பிரின்ஸ்வில் பற்றிய இழையின் தொடர்ச்சி

போன இழையில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள பிரின்ஸ்வில் பற்றி எழுதியிருந்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1865-ல் டார் ஆற்றங்கரையில் குடியேறி, 1885-ல் முறையான நகரமாக்கிய ஊர். 1999-ல் ஃப்ளாய்ட் புயல் வெள்ளத்தில் ஊரே மூழ்கியது. இடுகாட்டுச் சவப்பெட்டிகள்கூட மிதந்தன. நிலத்தை அரசிடம் விற்றுவிட்டு வெளியேறும் யோசனையை நகரமன்றம் வாக்கெடுப்பில் ஏற்க மறுத்தது. எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது.

"இந்த ஊர்க்காரர்கள் 1865-க்கு முந்தைய, அடிமைக்கால முன்னோரை எப்படித் தேடுவார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். அதுதான் தேடலை மறிக்கும் பெரிய சுவர். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பாலினம், நிறம், அவ்வளவுதான்; பெரும்பாலும் பெயர் இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு பதிவானது 1870 கணக்கெடுப்பில்தான். ஆகவே பாட்டி சொன்ன ஒரு பெயரும், குடும்ப பைபிளின் முதல் தாளில் எழுதிவைத்த பிறந்த தேதியும் பெரிய ஆதாரம். அந்த பைபிளே வெள்ளத்தில் போனால் என்ன செய்வது? நினைத்தாலே மனசு ஆறவில்லை.

வெள்ளத்தில் நனைந்த புகைப்படங்களை எப்படிக் காப்பாற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்கவே வேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, படப்பக்கம் மேலே பார்க்க நிழலில் காயவையுங்கள். உடனே முடியாவிட்டால் ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.