தாபரிப்பு வழக்கும் டிஎன்ஏ பரிசோதனையும்: சரிபார்க்க ஆள் தேவை

வணக்கம் உறவுகளே. ஹட்டன், நுவரெலியா பக்கம் தோட்டங்களில் பிள்ளைக்காகத் தாபரிப்பு வழக்கு, அதாவது பிள்ளையின் செலவுக்குத் தந்தையிடம் பணம் கேட்கும் வழக்குப் போடும் தாய்மாருக்குத் தமிழில் ஒரு விளக்கத் தாள் தயாரிக்கிறோம். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள் இதைப் பார்த்துத் திருத்தித் தாருங்கள்.

பிள்ளையின் தந்தை யார் என்று பார்க்கும் டிஎன்ஏ பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தாலே போதும், ஊசி வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பாடு, பால், வெற்றிலை கூடாது. குச்சியை உலரவிட்டுக் காகித உறையில் போட வேண்டும். ஈரத்தோடு பொலித்தீனில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்து மரபணு சிதைந்துவிடும். நம் மலைக் குளிரில் உலர நேரமெடுக்கும். வீட்டிலேயே எடுத்த மாதிரியை நீதிமன்றத்தில் நம்பியிருக்க முடியாது, அது யாருடையது என்று உறுதிசெய்ய ஆளில்லையே. சந்தேகம் அண்ணன் தம்பி இருவர் மேல் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களின் மரபணு நெருக்கமானது என்பதால் கூடுதல் மரபணுக் குறிகளைப் பார்க்க வேண்டிவரும். தாயின் மாதிரியும் இருந்தால் முடிவு இன்னும் தெளிவாகும்.

நாங்கள் தடுமாறுவது ஓரிடத்தில்தான். திருமணம் நீடிக்கையில் பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளையாகவே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது. லயத்து அம்மாவுக்கும் விளங்கும் தமிழில் இதை எழுதித்தர ஒரு சட்டத்தரணி கிடைப்பாரா? தயவுசெய்து உள்பெட்டியில் எழுதுங்கள்.