பெய்ஜிங் முற்றத்து வீட்டில் தலைவாசல் ஏன் மூலையில் இருக்கிறது?

கேள்வி:
பெய்ஜிங்கின் சிஹேயுவான் வீட்டை (நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தனித்தனி வீடுகள்) 1:50 அளவில் அட்டையில் செய்கிறேன். இரண்டு கட்டு வீடு. எல்லாமே நடு அச்சுக்கு இருபுறமும் சமமாக வருகிறது. தலைவாசல் மட்டும் தென்கிழக்கு மூலைக்குப் போய்விடுகிறது. நடுவில் வைத்தால் தவறா? முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

மறுமொழி 1:
தவறுதான். நேர்நடு வாசல் அரண்மனைக்கும் இளவரசர் மாளிகைக்கும் கோயிலுக்கும் உரியது. மற்றவர்களுக்குத் தென்கிழக்கு மூலை. ஃபெங்சுய் (சீனர்களின் வாஸ்து) கணக்கில் மங்கலமான திசை. ஆனால் இது தெருவுக்கு வடக்கே உள்ள வீட்டுக்கு. தெருவுக்குத் தெற்கே என்றால் வாசல் பெரும்பாலும் வடமேற்கு மூலைக்கு மாறும். ஆகவே தெரு எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வாசலுக்கு நேர் எதிரே மறைப்புச் சுவர் வேண்டும். பல வீடுகளில் கிழக்கு வீட்டின் பக்கச் சுவரிலேயே அதை அமைத்துவிடுவார்கள். வருபவர் அங்கே இடப்புறம் திரும்பி முன்கட்டுக்குப் போய், நடு அச்சில் உள்ள உள்வாசல் வழியாக வடக்கே நுழைவார். தீய சக்தி நேர்க்கோட்டில்தான் பாயும் என்பது நம்பிக்கை. தெருவில் போகிறவர் கண்ணில் வீட்டுப் பெண்கள் படாமல் இருந்ததும் இந்தத் திருப்பத்தால்தான்.

மறுமொழி 2:
தண்ணீரும் தென்கிழக்கே. பெய்ஜிங் நகரத் தரையே வடமேற்கிலிருந்து அப்படித்தான் சரிகிறது. முற்றத் தளத்தை லேசாக அந்தப் பக்கம் சாய்த்து, வாசலருகே வடிகால் வையுங்கள்.

நான்கு வீடுகளையும் ஒரே உயரத்தில் வெட்டிவிடாதீர்கள், மாதிரி கெடுவது அங்கேதான். வடக்கு வீட்டுக்கு மேடையும் கூரையும் உயரம்; அங்கே குடும்பத்துப் பெரியவர்கள். கிழக்கில் மூத்த மகன், மேற்கில் இளையவன். தெருவுக்கு முதுகு காட்டும் தெற்கு வரிசையில் வெயில் அதிகம் விழாது. அது விருந்தினருக்கும் வேலையாட்களுக்கும். வடக்கு வீட்டுக்கு 3 அங்கணம் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) போதும், நடு அங்கணம் சற்று அகலம். மிங் அரசமரபு காலத்துச் சட்டம் சாதாரணக் குடிமக்களுக்கு அதற்கு மேல் அனுமதிக்கவில்லை.

முற்றத்தையும் குறுக்காதீர்கள். பெய்ஜிங் 40° வடக்கில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் 27° உயரம்கூட ஏறாது. 4 மீட்டர் கூரையின் நிழல் அப்போது 8 மீட்டர் நீளும். உங்கள் அட்டையில் 16 செ.மீ. அந்த இடைவெளி இல்லையென்றால் வெயில் தேவைப்படும் மாதத்தில் பெரியவர்கள் அறை இருட்டில் கிடக்கும். கோடையில் சூரியன் 73° வரை ஏறும், இறவாரமே தடுத்துவிடும்.

மறுமொழி 3:
படம் பார்த்துச் செய்தால் அன்ஹுய் மாகாணத்து ஹொங்சுன், ஷிதி கிராமங்களின் வீடுகளோடு கலந்துவிடாதீர்கள். அங்கே முற்றம் கிணறுபோலக் குறுகல். கூரைகள் உள்நோக்கிச் சரிந்து மழைநீரை வீட்டுக்குள்ளேயே இறக்கும். தண்ணீர் செல்வம், வெளியே சிந்தக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். படிப்படியாக உயரும் வெள்ளைச் சுவர், பக்கத்து வீட்டுத் தீ தாவாமல் இருக்க. பெய்ஜிங் வீட்டுக்கு இரண்டும் பொருந்தாது. சாம்பல் நிறச் செங்கலும் ஓடும் போடுங்கள்.