ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை' படத்தில் ஃபூஜி மலை ஏன் இத்தனை சிறியது?

கேள்வி: ஜப்பானிலேயே உயரமான மலை, படத்தில் அலைக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனாலும் கண் அங்கேதான் போய் நிற்கிறது. எப்படி?

பதில்: அலையின் வளைகோடுதான் கண்ணை அங்கே தள்ளிவிடுகிறது. இடப்பக்கம் எழுந்து, நுரை நகங்களோடு கவிழ்ந்து, அடியில் ஒரு பள்ளத்தைத் திறக்கிறது, அங்கே மலை. எல்லாம் ஆடும்போது அசையாத முக்கோணம் அது. முன்னாலுள்ள சிற்றலையைப் பாருங்கள், ஃபூஜியின் அதே வடிவம்! இதைக் காட்டாமல் 'சமநிலை, முரண்' என்று ஒப்பிப்பவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை.

இன்னொருவர்: நிறத்தை விட்டுவிட்டீர்களே? 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு. பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை அடர்நீலச் சாயம் அப்போது ஜப்பானில் புதுமோகம்.

பதில்: சரிதான். கருநீலமும் வெளிர்நீலமும் அடுத்தடுத்து வருவதால்தான் அலைக்குக் கனம். படகுகள் மூன்றும் வலமிருந்து இடமாக அலையை எதிர்கொள்கின்றன. ஜப்பானியர் அன்று வாசித்த திசையும் அதுவே.