ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்: இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஏன் சலிக்கவில்லை?

திரைவாசகன்:

வணக்கம். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான "ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்" படத்தை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் அண்மையில் திரையிட்டோம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். படம் வெளியான காலத்தில் பிறந்தே இராதவர்கள். ஆயினும் கைப்பேசியின் பக்கம் கை போகாமல் கடைசி வரை பார்த்தார்கள். ஆகவே, இளமையில் பார்த்த படத்தின் மீது நமக்குள்ள பாசம்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

கதையும் அப்படியொன்றும் புதிதல்ல. 1930களிலும் 40களிலும் வாரம் ஒரு பகுதியாக ஓடிய தொடர்படங்களைச் சிறுவயதில் ரசித்த ஜார்ஜ் லூகாஸ், அந்தச் சுவையை மீண்டும் கொண்டுவர விரும்பினார்; லாரன்ஸ் காஸ்டன் திரைக்கதை எழுத, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கினார். செலவு ஏறக்குறைய 2 கோடி டாலர். இதைவிடப் பல மடங்கு பணத்தைக் கொட்டி எடுத்த சாகசப் படங்கள் வந்த சுவடு தெரியாமல் போயிருக்க, இது மட்டும் எப்படி நிற்கிறது?

படம் முடிந்ததும் ஒரு மாணவர் இன்னொன்றையும் கேட்டார். கதைநாயகனான அகழாய்வுப் பேராசிரியன் இண்டியானா ஜோன்ஸ் தன் கல்லூரியிலேயே பாடம் நடத்திக்கொண்டு இருந்திருந்தாலும், நாஜிகள் உடன்படிக்கைப் பேழையை, அதாவது பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளை வைத்திருந்ததாக பைபிள் கூறும் பெட்டியை, திறந்து அப்படியேதான் மாண்டிருப்பார்கள். அப்படியானால் நாயகனுக்குக் கதையில் என்ன வேலை என்றார். அரங்கில் சிரிப்பு எழுந்ததே தவிர, பதில் எழவில்லை. இவ்விரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தொகுப்புமேசை:

நல்ல கேள்வி. இரண்டாவதைப் பிறர் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டு, முதற்கேள்விக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை, இந்தப் படம் எந்த இடத்திலும் பார்வையாளரை ஏமாற்றுவதில்லை. ஆட்டத்தின் விதியை முதலிலேயே நம் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அந்த விதிப்படியே விளையாடுகிறது.

தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவினர் இருவர் கல்லூரிக்கு வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு படத்தில் எழுந்து வெளியே போகத் தோன்றும் வகையான காட்சி அது, ஏனெனில் ஏறத்தாழ முழுவதும் தகவல்தான். ஜோன்ஸ் ஒரு கரும்பலகையின் முன் நின்று, கோலின் உச்சியில் பதக்கத்தைப் பொருத்தி, உரிய நேரத்தில் உரிய இடத்தில் நட்டால், சூரிய ஒளி அதன் வழியே பாய்ந்து பேழை இருக்கும் இடத்தைக் காட்டும் என்று படம் போட்டு விளக்குகிறான். அந்தப் பாடத்தை நாம் கேட்டுக்கொண்டதால்தான், ஒரு மணி நேரத்துக்குள் வரும் வரைபட அறைக் காட்சியில் யாரும் எதையும் சொல்ல வேண்டிய தேவை ஏற்படவில்லை. தரையில் பழைய நகரத்தின் சிறு மாதிரி, குழியில் நட்ட கோல், மெல்ல நகர்ந்துவரும் ஒளிக்கற்றை, அதைப் பார்த்திருக்கும் ஒரு முகம், பின்னணியில் ஜான் வில்லியம்ஸின் இசை, அவ்வளவுதான். சண்டையில்லை, துரத்தல் இல்லை. எனினும் படத்தின் பரபரப்பான நிமிடங்களுள் அது ஒன்று.

லாரித் துரத்தலிலும் இதே நேர்மைதான். முன்னால் அதிகாரிகள் அமர்ந்த திறந்த கார், நடுவில் பேழையை ஏற்றிய லாரி, பின்னால் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய வண்டியும் மோட்டார் சைக்கிளும் என்று வரிசை முதலிலேயே தெளிவாகிவிடுவதால், அடுத்த சில நிமிடங்கள் எத்தனை வெட்டுகள் விழுந்தாலும் யார் எங்கே இருக்கிறார் என்று நாம் ஒரு கணமும் தேட வேண்டியதில்லை. படத்தொகுப்பாளர் மைக்கேல் கான் இதற்காக ஆஸ்கர் பெற்றது முற்றிலும் தகும். 2014இல் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க், இந்தப் படத்தின் வண்ணத்தை அகற்றிக் கறுப்பு வெள்ளையாக்கி, மூல ஒலியையும் நீக்கி, வேறொரு இசையைப் பின்னால் ஓடவிட்டுத் தம் இணையதளத்தில் வைத்தார். காட்சி அமைப்பை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். சொல்லும் ஓசையும் இல்லாமலேயே கதை புரிகிறது என்பதை அரைமணி நேரம் அப்படிப் பார்த்தாலே உணரலாம்.

ஒலிநாடா:

தொகுப்புமேசை சொன்ன நேர்மையோடு வலியையும் சேர்க்க வேண்டும். இந்த நாயகனுக்கு வலிக்கிறது. அதுவும் அடுத்த காட்சி வரை நீடித்து வலிக்கிறது. லாரியில் அவன் கையில் குண்டு பாய்கிறது. அதன்பின் ஏறிவரும் எதிரி வேறெங்கும் குத்தாமல் அந்தக் காயத்தின் மீதே குத்துகிறான். முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்த ஜோன்ஸ், லாரியின் முகப்பைப் பிடித்துத் தொங்க, அதுவும் வளைந்து கொடுக்க, அடியில் நழுவிப் போய், சாட்டையை மாட்டி, தூசியில் இழுபட்டுக்கொண்டே மீண்டும் ஏறுகிறான். பிற்பாடு கப்பலில் அவனுடைய பழைய காதலி மேரியன் மருந்து போட வரும்போது, தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது என்று கத்துகிறான். வலிக்காத இடத்தைக் காட்டச் சொன்னால் முழங்கையைக் காட்டுகிறான். முந்தைய அரைமணி நேரச் சாகசத்துக்கு உடல் கொடுத்த விலையை, காதல் காட்சியாகவும் நகைச்சுவையாகவும் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

லாரியின் அடியில் போனவர் டெர்ரி லெனார்ட் என்னும் ஸ்டண்ட் கலைஞர். 1939இல் வந்த "ஸ்டேஜ்கோச்" படத்தில் யாக்கிமா கனட் ஓடும் குதிரை வண்டியின் அடியில் நழுவிப்போன வித்தைக்குச் செலுத்திய மரியாதை அது. இதே போன்ற வித்தையை வேறொரு படத்தில் செய்தபோது காயமடைந்தும், லெனார்ட் மறுபடியும் துணிந்தார். அவருக்கு இடம் கிடைப்பதற்காக லாரியை உயரமாக அமைத்ததோடு சாலையின் நடுப்பகுதியையும் தோண்டினார்கள். இழுபடும் சில ஷாட்டுகளில் ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டே இருக்கிறார். ஒரு மனித உடல் உண்மையாகவே புழுதியில் உரசும்போது நம் உடலும் சற்றுக் கூசுகிறது. கணினி வரைகலை எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் கூச்சத்தை உண்டாக்குவது அதற்கு இன்னும் எளிதாகவில்லை.

என் துறை ஒலி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், தொடக்கத்தில் ஜோன்ஸைத் துரத்திவரும் அந்தப் பெரிய உருண்டைப் பாறையின் ஓசைக்காக, ஒரு ஹோண்டா சிவிக் காரைச் சரளைக்கல் சரிவில் உருட்டிவிட்டுப் பதிவு செய்தார். பாம்புகள் நெளியும் ஈரமான ஓசை, பாலாடைக்கட்டி சேர்த்துச் சமைத்த பண்டத்துக்குள் விரல்களைவிட்டு அளைந்ததால் கிடைத்தது. பேழையின் மூடி நகரும் கல்லோசை கழிவறைத் தொட்டியின் மூடியிலிருந்து வந்தது (இதை அறிந்தபின் அந்தக் காட்சியின் பக்தி எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது). பாறை கண்ணாடியிழையால் ஆனது. அதற்குப் பல டன் கனத்தைக் கொடுத்தது காதுதான்.

கிழக்குவாசல்:

புகழ்ச்சி போதும், இனி நான் கொஞ்சம் முரண்படுகிறேன். கெய்ரோச் சந்தையில் வாளைச் சுழற்றிக்கொண்டு வருபவனை ஜோன்ஸ் அலட்சியமாகச் சுட்டு வீழ்த்தும் காட்சிக்கு உங்கள் அரங்கிலும் கைதட்டல் எழுந்திருக்கும். டுனீசியாவில் எடுத்த காட்சி அது. ஃபோர்ட் கடும் வயிற்றுப்போக்கால் தளர்ந்திருந்ததால், திட்டமிட்ட நீண்ட சண்டையைச் சுருக்கினார்கள் என்பது ஊரறிந்த கதை. சமயோசிதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவிலுள்ள மக்களுக்குக் கூட்டமாக நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கோயில் சிலையை எடுத்துக்கொண்டு ஓடுபவனை அகழாய்வாளன் என்று நாம் ஏற்றுக்கொள்கிறோம். எகிப்திய நண்பன் சல்லாவாக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸ் வேல்ஸ் நாட்டவர்.

அடுத்த படத்தில் இது முற்றி வெடித்தது. 1984இல் வந்த "டெம்பிள் ஆஃப் டூம்" இந்தியாவில் நடக்கும் கதை. திரைக்கதையைப் படித்த இந்திய அதிகாரிகள் இங்கே படம்பிடிக்க ஒப்பாததால், இலங்கையில் கண்டி வட்டாரத்தில் எடுத்தார்கள். குரங்கின் மூளையை விருந்தில் பரிமாறும் அரண்மனையைக் கண்டு சிரிப்பதா சினப்பதா என்று தெரியவில்லை. முதற்படத்தின் கவர்ச்சியில் ஒரு பங்கு, உலகின் பாதியை அலங்காரத் திரைச்சீலையாகப் பார்க்கும் பழைய பழக்கத்திலிருந்து வருகிறது. இன்னொன்று, சாட்டை சுழற்றிச் சாகசம் செய்யும் கதைகளை ஹாலிவுட்டின் தனிச்சொத்தாகக் கருத வேண்டியதில்லை. 1935இலேயே பம்பாயின் வாடியா நிறுவனம் "ஹண்டர்வாலி" படத்தில் நடிகை நாடியாவின் கையில் சாட்டையைக் கொடுத்துவிட்டது.

இத்தனையும் தெரிந்தே நானும் இதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை இருப்பதால் படத்தைத் தள்ளவும் வேண்டாம், படம் பிடித்திருப்பதால் குறையை மறைக்கவும் வேண்டாம்.

தொகுப்புமேசை:

கிழக்குவாசலின் குற்றச்சாட்டில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சிலையின் விஷயத்தில் மட்டும் ஒரு சிறு திருத்தம் உண்டு: அந்தச் சிலை அவன் கையில் நிற்பதில்லை. வெளியே வந்ததுமே அவனுடைய போட்டியாளனும் பின்னர் நாஜிகளுக்கு உதவுபவனுமான பிரெஞ்சு அகழாய்வாளன் பெல்லாக் அதைப் பறித்துக்கொள்கிறான். இதிலிருந்தே மாணவரின் கேள்விக்கும் போகலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் கதையின் தர்க்கப்படி பார்ப்போம். நேபாளத்தில் மேரியனின் மதுக்கடையில் பழுக்கக் காய்ந்த பதக்கத்தைப் பிடித்த நாஜி ஒற்றனின் உள்ளங்கையில் அதன் ஒரு பக்கம் மட்டுமே பதிகிறது. அதை வைத்து அவர்கள் செய்த கோல் நீளம் கூடிப்போய், தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கோலைக் குறைக்கச் சொல்லும் குறிப்பு மறுபக்கத்தில் இருக்கிறது. ஆகவே பேழையைக் கண்டெடுத்தவன் ஜோன்ஸ். அவன் போகாதிருந்தால் ஒற்றன் பதக்கத்தை முழுதாகப் பறித்திருப்பான் என்று மாணவர் வாதிடலாம், அதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் அப்போது மேரியன் அந்த மதுக்கடையிலிருந்து உயிரோடு வெளியே வந்திருப்பாளா?

இதைவிட முக்கியமானது, படம் முழுவதும் அவன் தோற்றுக்கொண்டே இருக்கிறான் என்பது. சிலை போகிறது, பேழை கிடைத்துப் பறிபோகிறது, மீண்டும் கிடைத்து மீண்டும் பறிபோகிறது. பேழையை வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று மிரட்டும் இடத்தில்கூட, அகழாய்வாளனாகிய அவனால் அதைச் செய்ய முடியாது என்பதை அறிந்த பெல்லாக், சுட்டுப் பார் என்கிறான். ஜோன்ஸ் ஆயுதத்தைத் தாழ்த்துகிறான். கதையின் தொடக்கத்தில் பேழையைப் பற்றிய அச்சங்களையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளிவிட்டுப் பெட்டியில் துப்பாக்கியை எறிந்தவன், இறுதியில் பேழை திறக்கப்படும்போது கம்பத்தில் கட்டுண்ட நிலையில், கண்களை மூடிக்கொள், பார்க்காதே என்று மேரியனிடம் கத்துகிறான். பெல்லாக்குக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு செயலில்தான் தெரிகிறது. இருவரும் ஒரே ஆசை கொண்டவர்கள், ஒருவன் மட்டும் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டான். அடிதடியால் வெல்லும் நாயகன் என்றால் மாணவர் சொல்வதுபோல் அவனுக்கு அங்கே வேலை இல்லைதான். தோற்றாலும் விடாமல் துரத்துபவனை இரண்டு மணி நேரம் பார்த்திருந்துவிட்டு, விட வேண்டிய இடத்தில் அவன் விடுவதைப் பார்க்கிறோம்.

திரைவாசகன்:

மூவருக்கும் நன்றி. மாணவருக்குக் கோல் நீளம் பற்றிய விளக்கத்தை அனுப்பிவைத்தேன். அவர் உடனே, அப்படியானால் நாஜிகளுக்குப் பேழையைக் கண்டெடுத்துக் கொடுத்ததே ஜோன்ஸ்தானே, அவன் வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று மடக்குகிறார். அடுத்த மாதத் திரையிடலுக்கு "ஹண்டர்வாலி" கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். நல்ல பிரதி எங்கிருக்கிறது என்று அறிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.